ஊசி ஒன்றுதான், உடம்பு இரண்டு: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் சுகாதார அமைச்சு அதிகாரிகளுக்கும், 2025 ஏப்ரலில் பணியைத் தொடங்கிய தொற்றுநோய் அமைப்பினருக்கும், தடுப்பூசி பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழுவினருக்கும் வணக்கம்.

சளிக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) பற்றியும் அதற்கான தடுப்பூசி பற்றியும் உங்களிடம் வந்து சேரும் விவரங்களை ஆண், பெண் என்று பிரியுங்கள். அதற்குள் வயது வாரியாகவும் பிரியுங்கள். பிரித்ததைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். இதுதான் என் கோரிக்கை. "எதற்கு? எல்லாருக்கும் ஒரே ஊசிதானே?" என்று கேட்பீர்கள். ஊசி ஒன்றுதான். ஆனால் ஆண் உடம்பும் பெண் உடம்பும் அதற்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை என்பதற்கு இருபது ஆண்டுகளாகச் சான்று சேர்ந்துகொண்டே வருகிறது.

நான் மருத்துவர் இல்லை. ஓய்வு பெறும்வரை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது எனக்குப் பழகிய வேலை. குழாயில் ஒட்டியிருக்கும் சீட்டில் வயதும் இருக்கும், ஆணா பெண்ணா என்பதும் இருக்கும். அந்த முடிவுகள் தொகுப்பு அறிக்கையாக மேலே போகும்போது வயது மட்டும் தங்கிவிடும், மற்றது எங்கோ உதிர்ந்துவிடும். இப்போது எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் மூத்தோர் நிலையத்தில் தொண்டூழியம் செய்கிறேன். தமிழ் பேசும் பெரியவர்களுக்கு வரும் சுகாதாரக் கடிதங்களைப் படித்துச் சொல்வது என் பங்கு. இந்த மடல் அங்கே உட்கார்ந்து யோசித்ததில் வந்ததுதான்.

2004 அக்டோபரில் நடந்ததை முதலில் சொல்கிறேன். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இருந்த ஒரு தடுப்பூசித் தொழிற்சாலையில் கிருமிக் கலப்பு கண்டுபிடிக்கப்பட்டு, அதன் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. அமெரிக்கா அந்தப் பருவத்துக்கு எதிர்பார்த்திருந்த சளிக்காய்ச்சல் தடுப்பூசியில் ஏறத்தாழப் பாதி அங்கிருந்துதான் வரவேண்டியிருந்தது. என்ன செய்வது? இருக்கும் மருந்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தால் போதுமா என்று அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் சோதித்தார்கள். 18 முதல் 64 வயது வரையிலான ஆரோக்கியமான ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் சிலருக்கு முழு ஊசி, சிலருக்குப் பாதி ஊசி. முடிவுகள் 2008-ல் வெளிவந்தன. பாதி ஊசி பெரும்பாலும் சமாளித்தது என்பது ஒரு செய்தி. அதைவிட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொன்று: பாதி ஊசி போட்ட பெண்களின் எதிர்ப்பொருள் அளவு, முழு ஊசி போட்ட ஆண்களின் அளவுக்கு ஈடாக இருந்தது.

அந்த அளவை எப்படி எடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். சளிக்காய்ச்சல் கிருமி ரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஊசி போட்டவரின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், எந்த இடம்வரை அது ஒட்டுவதைத் தடுக்கிறது என்று பார்ப்போம். நாற்பது மடங்கு நீர்த்த பிறகும் தடுத்தால், தொற்றும் வாய்ப்பு பாதியளவு குறையும் என்று எடுத்துக்கொள்வது துறையின் வழக்கம். பல பத்தாண்டுகளாக நடக்கும் சோதனை இது.

2014-ல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி உள்ளே போனார்கள். நூற்றுக்கும் குறைவானவர்களைக் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனால் ஊசிக்கு முன்னும் பின்னும் அவர்களின் ரத்தத்தில் பல நூறு விஷயங்களை அளந்தார்கள். பெண்களின் பதில் ஆண்களைவிடப் பலமாக இருந்தது. ஆண்களிலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அதிகமாக இருந்தவர்களின் பதில்தான் ஆக மட்டம். அது குறைவாக இருந்த ஆண்கள் ஏறத்தாழப் பெண்கள் அளவுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கினார்கள். கொழுப்பைக் கையாளும் சில மரபணுக்களை அந்த ஹார்மோன் தூண்டுகிறது, அவை எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கிவைக்கின்றன என்பது அவர்கள் கண்ட தடம். மீசை முறுக்குகிற ஹார்மோன் ஊசிக்கு முன்னால் பின்வாங்குகிறது என்று நிலையத்தில் சொன்னபோது பாட்டிகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

ஹார்மோன் மட்டும் காரணமில்லை. சளிக்காய்ச்சல் கிருமியின் மரபுப் பொருள் ஒற்றை இழை ஆர்என்ஏ. உடம்புக்குள் அது நுழைந்ததை மோப்பம் பிடிக்கும் உணர்விகளில் ஒன்றின் பெயர் டிஎல்ஆர்7. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு, ஆண்களுக்கு ஒன்று. வழக்கமாகப் பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் அணைக்கப்பட்டிருக்கும். ஆனால் டிஎல்ஆர்7 சில நோய் எதிர்ப்புச் செல்களில் அப்படி அணையாமல் தப்பி, இரண்டு எக்ஸிலும் வேலை செய்கிறது என்று 2018-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாப்ரா கிளைன் குழுவினர், தடுப்பூசி போட்ட பெண் எலிகளின் எதிர்ப்பொருள் அளவில் மட்டுமல்லாமல் தரத்திலும் மேலானது என்றும், அதை எடுத்து வேறு எலிகளுக்குக் கொடுத்தாலும் கூடுதலாகக் காக்கிறது என்றும் காட்டினார்கள்.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ பெண்கள் கெட்டிக்காரிகள், கவலை இல்லை" என்று முடிவு கட்டக்கூடாது. தடுப்பூசி போடாமல் நேராகக் கிருமியைக் கொடுத்தால் கதை தலைகீழாகிறது. பெண் எலிகள் அதிகமாக நோய்வாய்ப்படுகின்றன, அதிக எடை இழக்கின்றன. இத்தனைக்கும் நுரையீரலில் கிருமியின் அளவு ஆண் எலிகளைவிட அதிகமில்லை. கிருமியைவிட, அதை எதிர்க்கக் கிளம்பும் அழற்சியே நுரையீரலைப் புண்ணாக்குகிறது. வேகமாக எழும் எதிர்ப்புச் சக்தி சொந்த வீட்டையும் தாக்கும். எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்கள் பெண்களிடம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததா என்ன?

மனிதர்களிடம் இது இன்னும் சிக்கல். 2009-ல் எச்1என்1 என்ற சளிக்காய்ச்சல் வகை பரவியபோது அமெரிக்காவில் கர்ப்பிணிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். சளிக்காய்ச்சல் மரணங்களில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடு. உங்கள் பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கர்ப்பிணிகளைச் சேர்த்திருப்பது அதனால்தான் சரியான முடிவு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய் போட்டுக்கொண்டால் அவளிடமிருந்து போகும் எதிர்ப்பொருள்தான் அதற்குக் கவசம்.

அப்புறம் வயது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை பெண்ணின் கை ஓங்கியிருக்கிறது. மாதவிடாய் நின்றபின் என்ன ஆகிறது? 2009-ன் எச்1என்1 தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தைக் கிளைன் குழுவினர் பிற்பாடு அலசினார்கள். இளம் பெண்களின் பதில் இளம் ஆண்களைவிட ஓங்கியிருந்தது. மூத்த பெண்களிடம் அந்த முன்னிலை தேய்ந்திருந்தது. பெண்களின் எதிர்ப்பொருள் அளவு அவர்களின் ஈஸ்ட்ரோஜன் அளவை ஒட்டிப் போனது. ஆகவே "பெண்" என்று ஒரே கட்டத்தில் அடைத்தால் போதாது. 35 வயதுப் பெண்ணும் 70 வயதுப் பெண்ணும் இந்த விஷயத்தில் இரண்டு ஆட்கள். நம் ஊரில் பெண்கள் ஆண்களைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். 80-ஐத் தாண்டியவர்களில் பாட்டிகளே அதிகம். 65 வயதுக்கு மேற்பட்டோர் என்று ஒரே வரியில் எழுதும்போது, அந்த வரி யாரைப் பற்றியது என்று நமக்கே தெரியாமல் போகிறது.

எச்சரிக்கை சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். எதிர்ப்பொருள் அதிகம் என்றால் பாதுகாப்பும் அதே கணக்கில் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. செல்கள் வழியாகவும் எதிர்ப்பு நடக்கிறது, அதை நான் சொன்ன சோதனை பார்க்காது. தடுப்பூசி நோயை உண்மையிலேயே எவ்வளவு தடுத்தது என்று கனடாவில் பல பருவங்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. அங்கும் பெண்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் இப்படிப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் கொஞ்சம்தான். பிரித்துப் பார்க்காத பழக்கம் மருத்துவத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது. தூக்கத்துக்குக் கொடுக்கும் சோல்பிடெம் மாத்திரை அமெரிக்காவில் 20 ஆண்டு விற்பனையான பிறகு, 2013-ல்தான் பெண்களுக்கு அளவைப் பாதியாக்கச் சொன்னார்கள். பெண் உடம்பிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்பது அதற்குமுன் யாருக்கும் தெரியாத ரகசியமா? அளந்த குழாய்களில் இருந்ததுதான். அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்கள் 2016 ஜனவரி முதல், பணம் கேட்டு வரும் ஆய்வுகள் ஆண், பெண் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று எதிர்பார்க்கத் தொடங்கின. உலகச் சுகாதார நிறுவனம் சளிக்காய்ச்சலையும் பால் வேறுபாட்டையும் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே 2010-ல் வெளியிட்டது.

சரி, இதில் சிங்கப்பூருக்கு என்ன தனி அக்கறை? நிறையவே இருக்கிறது. 1957-ல் ஆசியச் சளிக்காய்ச்சல் இங்கே மே மாதமே வந்துவிட்டது. இங்கு பிரித்தெடுத்த கிருமிக்கு ஏ/சிங்கப்பூர்/1/57 என்று பெயர். 2018-19 பருவத்துக்கான வடகோளத் தடுப்பூசியில் இருந்த எச்3என்2 கிருமியும் சிங்கப்பூர்ப் பெயர் தாங்கியதுதான். குளிர்நாடுகளில் ஆண்டுக்கு ஒரு பருவம். நமக்கு ஆண்டின் நடுவிலும் ஆண்டு முடிவிலுமாக இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஒரு முறை போட்ட ஊசியின் பலன் அதற்குள் தேய்ந்துவிடுமோ என்று டான் டோக் செங் மருத்துவமனை ஆய்வாளர்கள் முதியவர்களிடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுச் சோதித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட கேள்வியை வெப்பமண்டலத்தில் கேட்கும் திறமை நம்மிடம் இருக்கிறது. அடுத்த கேள்வியாக, அந்தத் தேய்மானம் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஒரே வேகத்தில் நடக்கிறதா என்று கேட்கலாமே. புதிதாக ஒரு சொட்டு ரத்தம் எடுக்கத் தேவையில்லை. சேமித்துவைத்த தரவே போதும்.

எண்களைப் பிரித்தால் மட்டும் உண்மை தெரிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. நம் ஊரின் அமைப்பே அந்த எண்களைத் திருகிவிடும். தங்கும் விடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் பெரும்பாலும் ஆண்கள், இளையவர்கள், ஓர் அறையில் பலர் படுப்பவர்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர். வீடுகளில் இருக்கும் பணிப்பெண்கள் எல்லாரும் பெண்கள், நோயாளிக்குக் கஞ்சி ஊட்டி, இருமலைப் பக்கத்திலிருந்து வாங்கிக்கொள்பவர்கள். தாதியரில் பெரும்பாலோர் பெண்கள், பாலர் பள்ளி ஆசிரியைகளும் அப்படியே. ஆணுக்குக் காய்ச்சல் அதிகம் என்று ஒரு மாதம் எண் வந்தால், அது டெஸ்டோஸ்டிரோன் வேலையா, அடுக்குக் கட்டில் வேலையா? இதனால்தான் குடியிருப்பு வகையும் வேலையும் அந்த எண்களோடு சேர்ந்து வரவேண்டும் என்கிறேன்.

இது இன்று முளைத்த சிக்கல் இல்லை. 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய சளிக்காய்ச்சலில், அமெரிக்காவில் ஆண்களின் மரண விகிதம் அதிகம். அதே நோய் இந்தியாவில் பெண்களைத்தான் அதிகம் கொண்டுபோனது. எக்ஸ் குரோமோசோம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். வீட்டில் எல்லாருக்கும் சேவை செய்து, கடைசியாக மிச்சத்தைச் சாப்பிட்டவள் யார் என்பதில்தான் வேறுபாடு. எங்கள் பாட்டிமார் காலத்துக் கதை அது. பணிப்பெண் விஷயத்தில் இன்றும் அதன் சாயல் இருக்கிறது: தேசிய அட்டவணைப்படி தடுப்பூசிக்குக் கிடைக்கும் மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். 85 வயது அம்மாவின் ஊசிக்கு மானியம் உண்டு, அந்த அம்மாவை நாள் முழுக்கத் தூக்கி நிறுத்துகிறவளுக்கு முதலாளி மனசு வைத்தால் உண்டு. மானிய விதியை இப்போதே மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. முதியோர் இருக்கும் வீடுகளுக்குப் போகும் கடிதத்தில், பணிப்பெண்ணுக்கும் போடுங்கள் என்று ஒரு வரி சேர்க்க என்ன தடை?

ஊசி போடும் அறையில் நடப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பெண்களுக்கு ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம், மறுநாள் உடம்பு கணகணப்பு எல்லாம் ஆண்களைவிட அதிகமாகப் பதிவாகின்றன. பெண்கள் வாய்விட்டுச் சொல்வதால் கொஞ்சம் கூடத் தெரியலாம். ஆனால் அழற்சி வேகமாக எழும் உடம்பில் கையும் அதிகமாக வலிக்கும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. எங்கள் நிலையத்துக்கு வரும் ஓர் அம்மா, ஒரு மருந்தகத்தில் ஊசி போட்டுவிட்டு மறுநாள் கையைத் தூக்க முடியாமல் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். "வயசானா அப்படித்தான்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று பதில் வந்ததாம். அடுத்த ஆண்டு அவர் போகவே இல்லை. "ஊசி போட்டுத்தான் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு" என்று தளம் முழுக்கச் சொல்லிவிட்டார், அவரைப் பார்த்து இன்னும் சிலர் நின்றுவிட்டார்கள். இங்கே போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி, அதனால் காய்ச்சல் நோய் வராது என்று நான் எத்தனை விளக்கினாலும், முதல் நாளே அவரிடம் ஒருவர் "பெண்களுக்குக் கை கொஞ்சம் கூடுதலாக வலிக்கலாம், இரண்டு நாளில் போய்விடும், ஊசி வேலை செய்கிறது என்பதுதான் அதன் பொருள்" என்று சொல்லியிருந்தால் இத்தனை வம்பு இல்லை. ஆனால் இதிலும் ஒரு பக்குவம் வேண்டும். வலி வராதவர்கள் "எனக்கு ஊசி பிடிக்கலையோ" என்று பயந்துவிடக்கூடாது. அதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடலாம்.

ஆண்களுக்கு வருகிறேன். 2017 கிறிஸ்மஸ் இதழில் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் கனடிய மருத்துவர் ஒருவர், ஆண்கள் சளிக்காய்ச்சலில் அதிகம் முனகுவதற்கு உயிரியல் காரணம் இருக்கலாம் என்று பாதி விளையாட்டாக எழுதினார். என் வீட்டுக்காரர் அதைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார், வேண்டும்போது நீட்டுவார். சிரிப்புக்குப் பின்னால் கவலைக்குரிய விஷயமும் உண்டு. பல நாடுகளில் மூத்த ஆண்கள் சளிக்காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்வது அதிகம். ஊசிக்கு அவர்கள் உடம்பு தரும் பதிலும் மந்தமாக இருக்கலாம். அப்படியானால் முதலில் அவர்களைத்தான் துரத்திப் பிடிக்கவேண்டும். எங்கள் நிலையத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் கீழே காப்பிக்கடையில் இருக்கிறார்கள். குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில், பதிந்த மருந்தகத்தில் குடிமக்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி இலவசம் என்ற செய்தி அந்தக் காப்பிக்கடை மேசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது, எத்தனை ஆண்கள் எத்தனை பெண்கள் போட்டுக்கொண்டார்கள் என்ற எண் இருந்தால்தானே தெரியும்?

பெண்களுக்கு அரை ஊசி, ஆண்களுக்கு இரட்டை ஊசி என்றெல்லாம் நான் கேட்பதாக யாரும் எழுதிவிடவேண்டாம். அதற்கான சான்று இன்னும் இல்லை. 2008 ஆய்வு 64 வயதோடு நின்றுவிட்டது. நம் அட்டவணை முதலில் பார்ப்பதோ 65 தாண்டியவர்களை. அந்த வயதுக்கு வழக்கமான 15 மைக்ரோகிராமுக்குப் பதில் வகைக்கு 60 மைக்ரோகிராம் கொண்ட உயர் அளவு ஊசி வேறு நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2022-ல் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு அது போன்ற பலமூட்டிய ஊசிகளுக்கு முன்னுரிமை தரச் சொன்னது. பலமூட்டிய ஊசி விலை கூடுதலானது. பொதுப் பணத்தை அதில் போடலாமா, போட்டால் யாருக்கு முதலில் என்று நிபுணர் குழு ஒரு நாள் கணக்குப் போடத்தான் வேண்டும். அந்த மேசையில் ஆண், பெண், வயது பிரித்த உள்ளூர்த் தரவு இல்லாமல் உட்காரவேண்டாம் என்பதே நான் கேட்பது.

நடைமுறைக்கு வருவோம். தொற்றுநோய் பற்றிய உங்கள் வாராந்தர விவரங்களில், திடீர் மூச்சுக்குழாய்த் தொற்றுடன் பலதுறை மருந்தகங்களுக்கு வருவோரின் தினசரிச் சராசரி இருக்கிறது. அதோடு ஆண், பெண், வயதுப் பிரிவு கொண்ட ஓர் அட்டவணை. மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கும், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் அதே போல ஒன்று. சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு வரும் பக்கவிளைவுப் புகார்களிலும் அதே பிரிவு. இங்கே பொதுப் பணத்தில் நடக்கும் தடுப்பூசி ஆய்வு எதுவானாலும், முடிவை ஆண், பெண் தனித்தனியாகவும் தரவேண்டும் என்ற நிபந்தனை. பெண்களிடம் மாதவிடாய் நின்றுவிட்டதா, ஹார்மோன் மருந்து எடுக்கிறார்களா என்ற இரண்டு கேள்வியும் ஆய்வுப் படிவத்தில் சேரட்டும். கேட்கத் தயங்கவேண்டாம், எங்கள் பாட்டிமார் பதில் சொல்லத் தயங்கமாட்டார்கள்.

ஊசி போட்டபின் கையில் கொடுக்கும் துண்டுத்தாளை நான்கு மொழியிலும் திருத்தி, ஆண்டு முடிவுப் பருவம் தொடங்குமுன் மருந்தகங்களுக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். தமிழ்த் தாள் அச்சுக்குப் போகுமுன் எங்கள் நிலையத்துக்கு ஒரு பிரதி அனுப்பினால், எங்கே புரியவில்லை என்று அங்குள்ளவர்களிடம் படித்துக் காட்டி, குறித்து அனுப்பிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாரும் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுக்கூட ஊழியர், ஈசூன்